சாக்பீஸ் மீன்

ஐம்பத்தெட்டு வயதில் என் தம்பி பழைய க்ரூஸர் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க ஆசைப்பட்டான். நான் தடுத்தேன். எப்படித் தடுத்தேன் என்று எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் எழுதப் போவதில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா தலைமை ஆசிரியராக இருந்தவர். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் வாகன ஆய்வாளர் வேலை பார்த்தேன். ஒரு வண்டி சாலையில் ஓடலாமா கூடாதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. பிரேக் பிடிக்காத வண்டியை யார் சிபாரிசோடு வந்தாலும் நான் விட்டதில்லை. நல்ல வண்டியைத் திருப்பி அனுப்பியதும் இல்லை. கையால் தொட்டுப் பார்க்காமல் எதையும் சொல்லமாட்டேன். என்னிடம் திட்டு வாங்கிய லாரிக்காரர்களே, "அவர் சரின்னா சரி, இல்லைன்னா இல்லை" என்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். அப்பாவுக்குப் பிறகு என் சொல்லை யாரும் தாண்டியதில்லை.

தம்பி படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெல்டிங் பட்டறை வைத்தான். தலைமை ஆசிரியர் பையன் தெருவோரம் குந்தி உட்கார்ந்து கம்பி ஒட்டுகிறானே என்று அப்பா கடைசிவரை குமைந்தார். நான் அப்பா கட்சி. பட்டறை எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. முப்பது வருடத்தில் ஒருநாளும் நான் அதற்குள் கால் வைத்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் எதிர்ப் பக்கத்து நடைபாதையில் நின்று கூப்பிடுவேன். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவன்தான் சாலையைக் கடந்து வருவான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தான்.

போன வருடத் தொடக்கத்தில் அவன் வலது கையிலிருந்து சாமான்கள் நழுவ ஆரம்பித்தன. முதலில் டம்ளர், பிறகு சுத்தியல். டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். நரம்பு நோய். தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துவிடும். மருந்து கிடையாது.

"கை எத்தனை நாள் வேலை செய்யும் டாக்டர்?" என்று தம்பி கேட்டான்.

"ஆறு மாசம்னு வச்சுக்குங்க."

"அதுக்கப்புறம்?"

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

அந்த வாரமே சாப்பிடும்போது என் மனைவியிடம் பேச்சைத் தொடங்கினான். என்னிடம் சொல்லவேண்டியதை அவளிடம் சொல்வது அவன் வழக்கம்.

"அண்ணி, ஒரு வண்டி பார்த்து வச்சிருக்கேன். பேக்கரிக்காரரோடது. க்ரூஸர். சீட் தாழ்வா இருக்கும். காலை முன்னால நீட்டிக்கலாம். சாய்நாற்காலில உக்காந்து போற மாதிரி."

"சாய்நாற்காலிதானே வேணும்? நம்ம வீட்லயே ஒண்ணு இருக்கு தம்பி. உங்க அண்ணன் எழுந்திரிச்சா உக்காரலாம்."

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"எதுக்கு இப்ப வண்டி?" என்றேன்.

"கடலோர ரோடு இருக்கேண்ணா, அது எங்க முடியுதோ அதுவரைக்கும் ஒரு தடவை போயிட்டு வரணும். முப்பது வருஷமா அடுத்தவன் வண்டிக்கு ஸ்டாண்டு ஒட்டிக் குடுத்துட்டே இருந்துட்டேன். கை இருக்கும்போது ஒண்ணை ஓட்டிப் பார்த்துடறேனே."

எனக்கு அது பிடிக்கவில்லை. நரைத்த தலையோடு, காலை நீட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தத்தில் தலைமை ஆசிரியர் மகன் போவதா? அவன் விழுந்தால், நோயாளித் தம்பியை வண்டியில் அனுப்பிவிட்டு அண்ணன்காரன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான் என்று நாலு பேர் சொல்லமாட்டார்களா? அவன் விழுவானோ என்ற பயமும் இருந்தது. ஆனால் அன்று பெரிதாக நின்றது அந்த நாலு பேரின் பேச்சுதான்.

அவனே எனக்கு வழி செய்து கொடுத்தான். "நீங்க வந்து பாருங்கண்ணா. நீங்க சரின்னா வாங்கறேன். இல்லைன்னா விட்டுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பேக்கரிக்குப் பின்னால் உள்ள கொட்டகைக்குப் போனோம். பேக்கரிக்காரர் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருந்தார்.

"முதுகு போச்சு சார். ஏறினா இறங்க முடியல, இறங்கினா ஏற முடியல. போன மாசம் சிக்னல்ல ரெண்டு பேர் சேர்ந்து மூட்டை மாதிரி இறக்கி விட்டாங்க. அதுல ஒருத்தர் நம்ம கடையில பன் வாங்கறவர். மானமே போச்சு."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

கறுப்பு வண்டி. அகலமான ஹேண்டில், தாழ்ந்த சீட். முதலில் எஞ்சினைத் தொட்டேன். ஏமாற்ற நினைப்பவர்கள் முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். இது சில்லென்று இருந்தது. பொத்தானை அழுத்தியதும் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டு சீராக ஓடியது. செயின் தளரவில்லை, பல்சக்கரம் தேயவில்லை, முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. இரண்டு டயரும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. என் வேலைக்காலத்தில் இவ்வளவு ஒழுங்காக வைத்திருந்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

குறை கிடைக்காமல் எனக்கு வேர்த்தது. கடைசியில் குனிந்து, டேங்குக்கு அடியில், ஹேண்டில் வந்து சட்டகத்தோடு சேரும் கழுத்துப் பகுதியில் டார்ச் அடித்தேன். வெல்டிங் இணைப்புகள் சுத்தமாக இருந்தன. ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் வெள்ளை சாக்பீஸில் சின்னதாக ஏதோ கிறுக்கியிருந்தது. ஒரே இழுப்பில் போட்ட மீன் மாதிரி. யாரோ குழந்தை விளையாடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்து, "கழுத்துல விரிசல் இருக்கு" என்றேன்.

பேக்கரிக்காரர் முகம் மாறியது. "எங்க சார்?"

"மயிரிழை மாதிரி. பழக்கமில்லாத கண்ணுக்குத் தெரியாது. வேகமாப் போகும்போது பிளந்துக்கும்."

"விலையைக் குறைக்கணும்னா நேராக் கேளுங்க சார். என் வண்டியைப் பத்தி அப்படிச் சொல்லாதீங்க."

"நான் விலை பேச வரலை. எத்தனை வருஷம் இதைப் பார்த்தவன் நான்னு வெளிய விசாரிச்சுக்குங்க."

தம்பி மண்டியிட்டான். நான் சொன்ன இடத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஒரு முறை தடவினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் டார்ச்சை அணைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"அண்ணன் சொன்னா சரி" என்றான். வலது கையை ஊன்ற முடியாமல், சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அழுக்குப் படாத என் கைகளைப் பார்த்தாள். "விரிசல் பார்த்துட்டு வந்த கையா இது? வேலைக்குப் போன காலத்துல உங்க சட்டைக் கையைத் துவைச்சே என் கை தேஞ்சுது."

"உன் வேலையைப் பாரு" என்றேன். பார்த்தாள்.

அதன் பிறகு தம்பி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும், "சும்மா நடந்துட்டு வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போவான். நடப்பது நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். நாலாவது மாதம் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது. என் மனைவி போட்டுவிட்டாள். ஆறாவது மாதம் பட்டறையைப் பூட்டினான். ஞாயிறு நடையும் நின்றது. பிறகு என் சாய்நாற்காலி அவனுடையதாயிற்று. நான்தான் சோறு ஊட்டினேன். ஒருநாள் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

எனக்குப் புரியாமல் இல்லை.

"சாப்பிடு" என்றேன்.

ஒன்பதாவது மாதம் மூச்சுக்கான தசைகளும் சோர்ந்தன. ஆஸ்பத்திரியில், காலையில் விளக்கை அணைத்துவிட்டு நர்ஸ் ஜன்னல் திரையை விலக்கிய நேரத்தில் போனான். எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். ஒரு குறை சொல்ல யாருக்கும் இடம் வைக்கவில்லை.

பட்டறைச் சாவியைக் கட்டிடச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனேன். இந்த முறை எதிர்ப் பக்கத்தில் நின்று கூப்பிட ஆளில்லை. சாலையைக் கடந்து, ஷட்டரைத் தூக்கி, முதல் தடவையாக உள்ளே நுழைந்தேன்.

நான் நினைத்திருந்தது போல அது குப்பையாக இல்லை. இடுக்கிகள் அளவு வாரியாக ஆணியில் தொங்கின. தரை பெருக்கியிருந்தது. சுவரில் சாய்த்து முடிக்காத இரும்புக் கதவு ஒன்று இருந்தது. அதன் இணைப்புகளில் வரிசையாக சாக்பீஸ் மீன்கள். ஒரே இழுப்பில் போட்டவை. கடைசி இரண்டு இணைப்புகளில் மட்டும் இல்லை.

பேக்கரிக்காரர் வண்டியின் கழுத்தில் பார்த்த அதே மீன். பக்கத்து லேத் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இந்த மீன் என்னங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? அது அவரோட குறி. சுத்தியலால தட்டிப் பார்ப்பார். சத்தம் சுத்தமா இருந்தா மீன் போடுவார். மீன் போடாம ஒரு சாமானும் இந்த வாசலைத் தாண்டினதில்லை. இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

சுத்தியல் மேசை மேல் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. அதை எடுத்துக்கொண்டு நேராகப் பேக்கரிக்குப் போனேன்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருக்கலாம் என்று கால் தயங்கியது. காத்திருக்கவில்லை.

"உங்க வண்டியில விரிசல் இல்லை" என்றேன். "அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

பேக்கரிக்காரர் ரொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்த காகிதத்தை மடித்து முடித்து, வாங்க வந்தவரிடம் கொடுத்தார். "தெரியும் சார். உள்ள வாங்க."

கொட்டகையில் வண்டி அங்கேயே நின்றது. தார்ப்பாயை அவர் இழுத்தார்.

"உங்க தம்பி அன்னைக்கு சாயங்காலமே வந்து சொல்லிட்டார். நீங்க வர்றதுக்கு முந்தின நாளே அவர் வந்து தட்டிப் பார்த்தாச்சு. கழுத்துல இருக்கற மீன் குறி அப்ப போட்டதுதான். 'எங்கண்ணன் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க, எனக்காகப் பயந்து சொல்லிட்டார்'னார்."

"அப்ப ஏன் அவன் வாங்கலை?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நானா வாங்கிட்டா எங்கண்ணன் சொன்னது பொய்னு ஆயிடும். ஊர்ல அவருக்கு ஒரு பேரு இருக்கு. பொய் அவருக்குப் பழக்கமில்லை, ரொம்ப நாள் வச்சுக்க மாட்டார். அவரே வந்து சொல்வார். அதுவரைக்கும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க'ன்னார். எனக்கு அவரைப் பிடிச்சுது. சரின்னேன்."

நான் வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஆனா வந்துடுவார். பேட்டரி இறங்கிடக் கூடாதுன்னு ஸ்டார்ட் பண்ணி, மேல உக்காந்து, கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுட்டு அணைச்சுடுவார். ஒரு ரவுண்டு போயிட்டு வாங்களேன்பேன். 'அண்ணன் சொல்லட்டும்'பார். குறி அழிஞ்சிருந்தா மறுபடி போடுவார். கடைசியா வந்தப்ப கிளட்ச்சை அமுக்கவே முடியல. நான்தான் பக்கத்துல நின்னு பிடிச்சேன்."

நான் மண்டியிட்டேன். டார்ச் தேவைப்படவில்லை, நல்ல வெளிச்சம். கழுத்தில் அந்த மீன் இருந்தது. கோடு நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. வால் சேரவே இல்லை. அவன் சுத்தியலால் அந்த இணைப்பைத் தட்டினேன். மணி போலக் கேட்டது. பிறகு ஒவ்வொரு இணைப்பையும் தட்டி, விரலால் தடவினேன். மீன் மேல் மட்டும் விரல் படாமல் பார்த்துக்கொண்டேன். என் கை கறுப்பாயிற்று.

"யாராவது வாங்க வந்தா நான் என்ன சொல்லட்டும் சார்? விரிசல் கதை ஊர் பூரா போயிடுச்சே" என்றார் அவர்.

"ஒரு தாள் குடுங்க."

பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். எஞ்சின் எண், சட்டக எண், பிரேக், செயின், ஃபோர்க், டயர் என்று வேலைக்காலத்தில் எழுதிய ஒழுங்கிலேயே எழுதினேன். சட்டகம் என்ற இடத்தில், "விரிசல் இல்லை. ஓட்டத் தகுதியானது" என்று எழுதி, முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்துக்குக் கீழே தேதி போட வேண்டும். முப்பத்து நான்கு வருடத்தில் நான் ஒருநாளும் முன் தேதி போட்டதில்லை. தம்பியோடு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியைப் போடப் பேனா போனது. பிறகு அன்றைய தேதியைப் போட்டு, தாளை அவரிடம் கொடுத்தேன்.