காளைவண்டியில் போன கடற்படை

தனுவச்சபுரம் சந்தியில் எல்லைக் கமிட்டி எப்போது கூட்டம் போட்டாலும் எலியா நாற்காலிமேல் ஏறிக் கப்பலைப் பற்றித்தான் பேசுவார். நெய்யாற்றின்கரை தாலுகா மதராசுக்கா, திருவிதாங்கூர்-கொச்சிக்கா என்று அறிய வந்தவர்கள் முதலில் இந்தியாவின் கப்பல் நிலவரத்தை அறிந்துகொண்டாக வேண்டும்.

“மூணு பக்கமும் கடலாக்கும் நமக்கு! கப்பல் எங்க? நாளைக்கு ஒரு யுத்தம் வந்தா நம்ம பட்டாளம் எதுல ஏறிப் போவும்? எதிரிகிட்ட, ‘எங்களையும் கொஞ்சம் ஏத்திக்கிடுங்க’ண்ணு கை காட்டவா?”

கூட்டம் கை தட்டும். கப்பலுக்காக அல்ல, அடுத்துப் பேசுபவர் எல்லையைப் பற்றிப் பேசுவார் என்பதற்காக.

எலியா கடலில் கால் நனைத்தவரில்லை. ஆனால் கமிட்டியில் சொந்தமாக வள்ளம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஊர்க் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் வாழைக்குலை, சேனை, கோழி எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் யாரும் பொருளைப் பார்த்துக் கேட்பதில்லை, எதிரில் கேட்கிறவன் முகத்தைப் பார்த்தே கேட்பார்கள். ஒரு வருஷம், பூவாறு கிராமத்தில் மரித்த ஒருவருடைய பழைய வள்ளத்தைப் பிள்ளைகள் காணிக்கையாக அனுப்பியிருந்தார்கள். கமிட்டியில் எலியாவுக்குப் போட்டியான பொன்னுதாஸ் வாத்தியார் அதைக் கேட்டார். ஆகவே எலியாவும் கேட்டார். விலை உச்சத்துக்குப் போனதும் பொன்னுதாஸ் நிறுத்திக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

ஆறு எங்கேயோ இருக்க, வள்ளம் எலியா வீட்டுப் பலாமரத்தடியில் மரச்சீனித் தோட்டத்தைப் பார்த்தபடி கிடந்தது. அவர் மனைவி ஆனந்தபாயின் ஆடு அதில்தான் குட்டி போடும்.

ஐப்பசித் துலாமழைக் காலத்தில் நெய்யாற்றின்கரையில் மாநாடு வந்தது. அதில் கமிட்டியின் தாலுகா தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நிற்பது எலியாவும் பொன்னுதாசும். முந்தின நாளே பொன்னுதாஸ் தன் ஆட்களோடு பஸ் ஏறினார்.

“நான் பஸ்சுல போறேன், எலியா. நீரு பைய கப்பல்ல வாரும்.”

மறுநாள் விடிந்தபோது நெய்யாற்றின் மேலுள்ள அமரவிளைப் பாலத்தைப் போலீஸ் அடைத்திருந்தது. கொடி பிடித்தவன் எவனும் அக்கரை போகக் கூடாது. எலியாவின் ஓட்டு முழுவதும் இக்கரையில் நின்றது.

“நம்மகிட்ட வள்ளம் உண்டு!” என்றார் எலியா. சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்கே அது ஞாபகம் வந்தது.

ஆனந்தபாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். “அடியில பாத்தீரா? அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியுது.”

“அது வெயில்ல உணங்கின பிளவாக்கும். தண்ணியில கெடந்தா மரம் ஊதித் தானா அடையும்.”

“அடையுறது வரைக்கும்?”

பக்கத்து வீட்டு நேசமணியின் காளைவண்டியில் வள்ளத்தை ஏற்றிக் கட்டினார்கள். முனையில் கொடி. பின்னால் தொண்டர்கள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி நின்று, பிரேத ஊர்வலமோ என்று துண்டை இறக்கினார்கள்.

பாலத்துக்குக் கீழே கரையில் குடை பிடித்து நின்றார் சப் இன்ஸ்பெக்டர் பொன்னப்பன்.

“எந்தாடோ இது?”

“வள்ளமாக்கும், ஏமானே.”

“அது கண்டாத் தெரியும். ரோட்டில எந்தினு, எதுக்கு?”

“ஆத்துக்குக் கொண்டு போறோம்.”

பொன்னப்பன் தடுக்கவில்லை. அவருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. ஆற்றில் ரோந்து போக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. படகு கேட்டு எழுதியதற்கு, முதலில் ரோந்தைத் தொடங்கவும், படகைப் பற்றிப் பிறகு யோசிக்கப்படும் என்று பதில் வந்திருந்தது. ஆகவே இது மிதக்குமா என்று பார்க்க அவருக்கும் ஆசை.

வள்ளம் மிதந்தது. எலியாவும் சிலரும் ஏறி உட்கார்ந்தார்கள். எலியா எழுந்து நின்று கொடியைப் பிடித்தார். தண்ணீர் எல்லாப் பிளவு வழியாகவும் ஒரே சமயத்தில், அழைப்பு வந்தது போல, உள்ளே வந்தது. கரையிலிருந்து வள்ளம் தள்ளும் கழுக்கோல் எட்டும் தூரத்திலேயே வள்ளம் நிதானமாக உட்கார்ந்தது. மேலே ஆட்டுப் புழுக்கை மட்டும் மிதந்து அக்கரை நோக்கிப் போயிற்று.

கான்ஸ்டபிள்கள் கயிறு போட்டு எல்லாரையும் இழுத்தார்கள், வள்ளத்தையும் இழுத்தார்கள். எலியா சட்டையைப் பிழிந்தார். அக்கரையில் இந்நேரம் பொன்னுதாஸ் மேடை ஏறியிருப்பார்.

“ஏமானே, எங்களை அறஸ்ட் பண்ணும்.”

“ஆறு கடந்தாலல்லே அறஸ்ட்? நீங்க கடக்கல்லல்லோ.”

“கடந்ததா வச்சுக்கிடும். அறஸ்ட் பண்ணினா எந்த ஸ்டேஷனுக்கு?”

“நெய்யாற்றின்கரைக்கு.”

“பாலம் வழியாவா?”

“போலீஸ் வண்டிக்குப் பாலம் தொறக்கும்.”

இருவரும் வள்ளத்தைப் பார்த்தார்கள்.

“இத நீங்க பறிமுதல் செய்துக்கிடலாம், ஏமானே. ஒண்ணு ரெண்டு பிளவு உண்டு. தானா அடையும்.”

பொன்னப்பன் குடையை மடக்கினார். “எல்லாவனும் வண்டியில கேறு!”

போலீஸ் வண்டி இரண்டு நடை போய்வந்தது. ஒரு தொண்டன்கூட இக்கரையில் மிச்சமில்லை. நெய்யாற்றின்கரையில் ஸ்டேஷன் வாசலில் இறக்கியபோது, நனைந்த வேட்டியோடு கைதாகி வந்த வீரர்களைப் பார்க்க மாநாட்டுப் பந்தலே எழுந்து ஓடிவந்தது. மேடையில் பொன்னுதாசும் ஒலிபெருக்கியும் மட்டும் நின்றார்கள். சாயங்காலம் ஜாமீனில் வந்த எலியாவைத் தூக்கிக்கொண்டுபோய்த் தலைவராக்கினார்கள்.

தலைவர் ஏற்புரையில் சொன்னார்: “மூணு பக்கமும் கடலாக்கும் நமக்கு! நம்ம பட்டாளம் எதிரி வண்டியிலயா ஏறிப் போவும்?”

கீழே ஒருவர் இருமினார். பொன்னுதாசாக இருக்கலாம்.

பொன்னப்பன், படகு ஒன்று கைவசம் உள்ளது என்று மேலிடத்துக்கு எழுதினார். அப்படியானால் படகு தேவையில்லை என்று அவருடைய பழைய விண்ணப்பத்தை அங்கே முடித்துவிட்டார்கள். ஸ்டேஷன் பின்முற்றத்தில் வள்ளத்துக்கு நம்பர் எழுதி, வருஷாவருஷம் கீல் பூசினார்கள்.

அடுத்த ஈற்றுக்கு ஆனந்தபாய் ஆட்டைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்து வந்தாள். ஸ்டேஷன் வாசலில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் தடுத்தார்.

“வேற எடத்துல குட்டி போடாது, மக்கா” என்றாள் அவள். “பழகிப்போச்சு.”

அவர் சிறிது யோசித்து வழிவிட்டார். ஆடு வள்ளத்தில் ஏறிப் படுத்தது.