தேனீக்களுக்கு நேரில் அழைப்பு

வடபழனியில் தேனீக்களை நேரில் போய் அழைக்க வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், கொஞ்சம் கல்கண்டு வைத்துக்கொண்டு, அவை தொங்கும் இடத்துக்கே போய், ‘மொட்டை மாடியில் பூத்திருக்கிறது, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும்’ என்று சொன்னால் மறுநாள் காலை வந்துவிடும். சொல்லாவிட்டால் வராது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது.

மாசிலாமணிக்கு இது தெரியும். தெரிந்தும் அவர் பத்திரிகை அடித்து, மூலைகளில் மஞ்சள் தடவி, தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கொடுத்தனுப்பினார். தேனீக்கள் அடுத்த தெருக் கல்யாண மண்டபத்தின் முகப்பில்தான் தொங்கின. நடந்தால் ஐந்து நிமிஷம். ஆனால் அந்தப் பக்கம் அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அக்கா செண்பகவல்லி தன் மகளின் கல்யாணத்தை அந்த மண்டபத்தில்தான் வைத்திருந்தாள். தாய்மாமனான அவருக்குப் பத்திரிகை கூரியரில் வந்தது. கூரியரில்! அவர் போகவில்லை. அன்றிலிருந்து பால் வாங்கக்கூட நாலு தெரு சுற்றித்தான் போவார். ரோஷத்துக்கு மட்டும் மனிதரிடம் குறைச்சல் இல்லை.

ரோஷம் ஒரு பக்கம் கிடக்கட்டும். அவருக்கு அக்காவைப் பார்க்க வேண்டும். வெந்நீர் போடும்போது, செருப்பு மாட்டும்போது, சும்மா நிற்கும்போதுகூட அக்காவைப் பார்க்க வேண்டும். எந்த முகத்தோடு போவது? ஒரு சாக்கு வேண்டுமே. அக்காவுக்குப் பரங்கிக்காய் என்றால் உயிர். கடைசியாக அவள் கொடுத்தனுப்பிய பரங்கிக் கீற்றின் விதைகளை அவர் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். அதை இந்த வருஷம் மாடியில் மண் நிரப்பிய பைகளில் ஊன்றினார். கொடி மடமடவென்று ஏறியது. ஒரே ஒரு காய் பிடித்தால் போதும். அதைத் தோளில் வைத்துக்கொண்டு, ‘சும்மா இந்தப் பக்கம் வந்தேன்’ என்று அக்கா வீட்டு வாசலில் போய் நின்றுவிடலாம்.

பூத்தது. பிஞ்சும் வைத்தது. வைத்த பிஞ்செல்லாம் மூன்றாம் நாள் மஞ்சளடித்து உதிர்ந்தது. தேனீ வந்தால்தானே காய் பிடிக்கும்? அவையோ தினமும் காலை ஏழரைக்கு வரிசையாக வந்து, அவருடைய கொடிக்கு மேலாகவே பறந்து, அடுத்த மாடியில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டு முருங்கைக்குப் போயின. ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை.

“இஸ்திரிக்காரர்கிட்ட குடுத்தனுப்பினா எப்படிண்ணே வரும்?” என்றாள் டீச்சர், கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “அதுங்களுக்கும் மானம் மரியாதை இருக்குல்ல?”

“பக்கத்துலதானே டீச்சர் இருக்குதுங்க. இதுக்குப் போய் தட்டைத் தூக்கிட்டு…”

“பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தாண்ணே கோவம் ஜாஸ்தி வரும்.”

கொடியில் இன்னும் ஒரே ஒரு பெண் பூதான் பாக்கி. மறுநாள் விரிந்துவிடும். டீச்சர் தன் வீட்டுப் பித்தளைத் தட்டைச் சுவர் மேலாக நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

மண்டபத்து வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. உள்ளே நாதஸ்வரம். நான்கு வருஷமாக அந்தத் திசையிலிருந்து நாதஸ்வரம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. மண்டபத்துக்கு நல்ல கிராக்கி என்று அவர் நினைத்திருந்தார்.

முகப்பில் அடை தொங்கியது. வயதான ஒரு தேனீ விளிம்புக்கு வந்து, “வாங்க” என்றது.

“பத்திரிகை கொடுத்தனுப்பியிருந்தேன்” என்றார் மாசிலாமணி.

“பத்திரிகை வந்துச்சுங்க. கூப்பிட ஆள் வரலையே.”

இதே வார்த்தையை, இதே குரலில், நான்கு வருஷத்துக்கு முன்னால் அக்கா புருஷனிடம் ஃபோனில் சொன்னவர் அவர்தான். தட்டை நீட்டினார். தேனீ குங்குமத்தைத் தொட்டுக்கொண்டது. கல்கண்டை எடுக்கவில்லை.

“வீட்டுக்குப் பெரியவங்க யாருங்க?”

“அக்கா.”

“அவங்களைக் கூப்பிட்டாச்சா? அவங்களைக் கூப்பிடாம நாங்க வந்தா நல்லா இருக்காது.”

“அக்கா வீடு பெரம்பூர்ல…”

“வீட்டுல யாரு இருக்காங்க? எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. போய்ப் பாருங்க.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மேடையில் அக்கா மகள் மணக்கோலத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை. தாடி மார்பு வரைக்கும் இறங்கியிருந்தது. பட்டு வேட்டி மட்டும் கசங்கவில்லை. தவில்காரர் ஒரு கையால் வாசித்தபடி மறு கையால் காப்பி குடித்தார். முன்வரிசையில் உறவுக்காரக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்குத் தைத்த சட்டை அவர்களுக்கு முழங்கைக்கு மேலே ஏறியிருந்தது. மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அக்கா அதை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பிரம்பு தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது.

அவரைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

“வந்துட்டியா?”

“வந்துட்டேன்க்கா.”

“கூடப் பொறந்தவனுக்கு எதுக்குடா தட்டும் தாம்பாளமும்னு இருந்துட்டேன். அது தப்புதான்.”

“நானும் இஸ்திரிக்காரர்கிட்டதான்க்கா குடுத்தனுப்பினேன்.”

அவள் யாருக்கு என்று கேட்கவில்லை. அவர் தட்டை இரண்டு கையாலும் நீட்டி, மாடியில் பரங்கி பூத்திருக்கிறது, அவசியம் வந்து நிற்க வேண்டும் என்றார். அழக் கூடாது என்று நினைத்திருந்தார், அழுதுவிட்டார். அக்கா வெற்றிலையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“காய் கொண்டாந்தியா?”

“இன்னும் பிடிக்கலைக்கா.”

“சரி, பிடிக்கும். மூஞ்சியைத் துடைச்சுட்டு வந்து நில்லு. நீ மாலை எடுத்துக் குடுத்தாத்தானே தாலி கட்டுவாங்க?”

அவர் மேடையேறினார். பின்னாலேயே தேனீக்கள் உள்ளே வந்து பெண் வீட்டார் பக்கம் இரண்டு வரிசையில் உட்கார்ந்தன. யாரோ அவற்றுக்குச் சந்தனம் கொடுத்தார்கள்.

ஐயர் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒம்பதுலேர்ந்து பத்தரை முகூர்த்தம்” என்றார். “இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. நிதானமா எடுங்கோ.”