கண்ணை மூடிச் சாப்பிட்ட கறி

என் சம்பந்தி பல் டாக்டர். ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார். ஆனால் யார் சிரித்தாலும் முகத்தை விட்டுவிட்டுப் பல்லைத்தான் பார்ப்பார். நான் சோபா தைக்கிறவன். ஓய்வு பெறும் உத்தேசம் கிடையாது. எங்களுக்குள் எந்தப் பகையும் இருந்ததில்லை, அவர் ஃபஹீட்டா செய்ய ஆரம்பிக்கும் வரை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தட்டையான மாட்டுக்கறித் துண்டை மசாலாச் சாற்றில் ஊறவைத்து, காய்ந்த இரும்புக் கல்லில் சுட்டு, கீற்றுக் கீற்றாக வெட்டி, வெங்காயம் குடைமிளகாயோடு மெல்லிய ரொட்டியில் சுருட்டித் தின்பது. இதற்காகப் போய் ஒரு மனிதரை வெறுக்க முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் சாப்பாடு. சம்பந்தி வீட்டிலேயே ஊறவைத்த கறியைக் கொண்டுவந்து சுட்டார். முதல் சுருளை என் மனைவியிடம் நீட்டினார். அவள் கடித்தாள். கடித்தவள், கண்ணை மூடினாள்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் கல்யாணமான நாளிலிருந்து என்னுடையது. நான் போட்டதையெல்லாம் அவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் தின்றிருக்கிறாள். அதிலும் பாதி நேரம் டிவியைப் பார்த்தபடி.

"எப்படியிருக்கு சம்பந்தியம்மா?" என்றார் அவர்.

"ம்ம்ம்" என்றாள், மூடிய கண் மூடியபடியே. நானும் ஒரு சுருள் தின்று பார்த்தேன். நன்றாக வேறு இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்தேன். "மசாலாவுல என்னதான் போடுறீங்க சம்பந்தி?"

"எலுமிச்சைச் சாறு, பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள், எண்ணெய், உப்பு. கொஞ்ச நேரம் ஊறுனா போதும். இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

ஒளிக்க என்ன இருக்கு என்று ஒருவர் கேட்டால், ஒளித்துவிட்டார் என்று அர்த்தம். இருந்தாலும் அடுத்த வாரம் அவர் சொன்னபடியே ஊறவைத்தேன், சுட்டேன். வெட்டுவதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. வெட்டுவது என் தொழில். துணியோ தோலோ, இழை ஓடும் பக்கமாகத்தான் நான் கத்தியை ஓட்டுவேன். கறியிலும் அப்படியே ஓட்டினேன்.

மனைவி ஒரு கீற்றை வாயில் போட்டு, இடது பக்கமாக மென்றாள். மென்றுகொண்டே துணி மடித்தாள். மென்றுகொண்டே போய் வாசல் கதவைப் பூட்டிவிட்டு வந்தாள். கடைசியில், "என்னங்க, இது கறியா, உங்க கடைச் சரக்கா?" என்றாள்.

மிச்சக் கீற்றுகளை வீணாக்கவில்லை. ஒரு வக்கீல் வீட்டுச் சோபாவுக்கு ஸ்பிரிங் கட்ட வார் போதாமல் இருந்தது, அதற்குக் கட்டினேன். இன்றுவரை ஸ்பிரிங் ஒரு முனகல் முனகியதில்லை. வக்கீலின் நாய் மட்டும் அந்தச் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை என்று கேள்வி.

ஆக, மனிதர் ஏதோ ஒன்றை மறைத்திருக்கிறார். நாற்காலிக்கு உறை தைத்துத் தருகிறேன் என்று டேப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நடுத்தட்டில், பிளாஸ்டிக் உறை சுற்றி, அரை அன்னாசிப்பழம். அகப்பட்டார்!

அவர் அரைப் பழம் போட்டால் நான் இரண்டு முழுப் பழம். அடுத்த விருந்துக்கு வெள்ளிக்கிழமையே அரைத்துக் கறியை மூழ்கப்போட்டேன். சனிக்கிழமை புரட்டிவிடலாம் என்று கரண்டியை விட்டேன். கறி மரியாதையாக வழிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இடுக்கியால் எடுத்தேன். இடுக்கி மட்டும் வந்தது. மரக்கரண்டி கொஞ்சம் இளைத்திருந்தது. கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஊசி பிடித்துக் காய்த்துப்போன என் விரல்கள் பச்சைப்பிள்ளை விரல் மாதிரி வெளியே வந்தன. மாப்பிள்ளை இதை நம்புவதில்லை. நீங்கள் நம்பினால் போதும்.

மகள் வீட்டில் கல் காய்ந்ததும் பாத்திரத்தைச் சாய்த்தேன். கறி ஊற்றிக்கொண்டது.

"அப்பா, இது என்ன, பேஸ்ட்டா?" என்றாள் மகள்.

சம்பந்தி குனிந்து, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அன்னாசி போட்டீங்களா சம்பந்தி?"

"ஏன், நீங்க போடலையா? உங்க ஃப்ரிட்ஜ்ல பார்த்தேனே."

"ஐயோ, அது என் வயித்துக்கு. காலையில போகணும்ல. கறியை அதுல இவ்வளவு நேரம் போட்டா கரைஞ்சுதான் போகும். நான் சொன்ன மசாலா என்ன ஆச்சு?"

"ரப்பர் ஆச்சு."

"எப்படி வெட்டினீங்க?"

"இழை ஓடுற பக்கமா."

"குறுக்கால வெட்டணும் சம்பந்தி. அப்பதான் நார் அறுபடும்."

"குறுக்கால வெட்டுனா தொய்ஞ்சுடாதா?"

"எதுக்குத் தொய்யும்? அது மேல யாரு உட்காரப் போறாங்க?"

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் சமையலறை ஜன்னல் அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து என் மனைவி ஒரு தட்டோடு வந்து, கல்லிலிருந்து வழித்துப் போட்டுக்கொண்டாள். ஒரு கரண்டி. மறுபடி ஒரு கரண்டி. நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். திறந்தே இருந்தது.

"கண்ணை மூட மாட்டியா?" என்று கேட்டேவிட்டேன்.

"எதுக்கு மூடணும்?"

"அன்னைக்கு அவரு கறிக்கு மூடினியே!"

"அதுவா? வலது கடவாய்ப் பல்லுல உயிரே போச்சுங்க. வெளிய சொன்னா சம்பந்தி பிடுங்கிடுவாரேன்னு 'ம்ம்ம்'னு அடக்கிக்கிட்டேன். அன்னையிலேர்ந்து எதையும் ஒழுங்கா மெல்ல முடியல. இன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிடுறேன். இன்னும் இருக்கா?"

நான் மெதுவாக, நெஞ்சை நிமிர்த்தி, சம்பந்தியின் பக்கம் திரும்பினேன். என் முகத்தை அவர் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவர் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்துவிட்டிருந்தார்.

"சொல்லவே இல்லையே சம்பந்தியம்மா! இப்படி உட்காருங்க. பயப்படாதீங்க, பிடுங்கல. வாயை நல்லாத் திறங்க."

உட்கார்ந்தாள், நான் தைத்துக் கொடுத்த மெத்தை நாற்காலியில். தலையைச் சாய்த்தாள். வாயைத் திறந்தாள். கண்ணை மூடினாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "சம்பந்திக்கு எவ்வளவு மிருதுவான கைங்க! தொட்டதே தெரியல" என்றாள்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே போய் இரண்டு அன்னாசி வாங்கி வந்தேன். இந்த முறை கறி வாங்கவில்லை. அரைத்து, அகலமான பாத்திரத்தில் ஊற்றி, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை ஊறப்போட்டு உட்கார்ந்தேன்.