படத்தின் இடது மூலை

சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, அதன்மேல் கேமராப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார் கண்ணாடிக் கடைக்காரர். கடை நாளில் ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்ப்பவர்; விடுமுறை வந்தால் கடலுக்கடியில் படம் எடுக்கப் போய்விடுவார். தண்ணீர் புகாத அந்தத் தடித்த பெட்டியின் உயிர், அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் ஒரு ரப்பர் வளையத்தில் இருக்கிறது. அதில் ஒற்றைத் தலைமுடி ஒட்டியிருந்தாலும் போதும், ஆழத்தின் அழுத்தம் அந்த இடைவெளி வழியே தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். அதனால் வளையத்தைக் கழற்றி, விரல் நுனியால் தடவிப் பார்த்து, கிரீஸ் பூசினார்.

"பச்சக் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரில்ல இருக்கு! நம்ம பொண்ணைக் கூட நீங்க இப்படிக் குளிப்பாட்டினதில்ல," என்றாள் மனைவி.

"போன தடவை ஒரு கேமராவைக் கடலுக்குக் குடுத்துட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா? இந்த தடவை விடமாட்டேன்."

பெட்டியின் இரு பக்கமும் சிறு மிதவைகளைப் பொருத்தியிருந்தார். கை நழுவினால் கேமரா மூழ்காமல் மெல்ல மேலே போகும். அதோடு, பெட்டியைத் தன் மார்புப் பட்டையிலுள்ள வளையத்தோடு இணைக்க ஒரு கயிறு. கயிற்றின் நடுவே ஒரு கிளிப் உண்டு. ஆபத்தில் ஒரு கையால் அமுக்கினால் கயிறு இரண்டாகப் பிரிந்துவிடும். போன தடவை அது பாறையில் உரசித் தானாகப் பிரிந்ததில்தான் கேமரா போயிற்று. இப்போது அந்தக் கிளிப்பின்மேல் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கழட்டுறதுக்குத்தானே அதை வச்சிருக்கான்?"

"கழலக் கூடாதுன்னுதானே சுத்துறேன்."

அவள் டேப்பைத் தொட்டுப் பார்த்தாள். "நாளைக்கு என் தம்பியும் வர்றான். அவனுக்கு இது புதுசு. கேமராவைப் பிடிச்சிக்கிட்டு அவனை விட்டுடாதீங்க."

"உன் தம்பியா? மலை மாதிரி ஆளு, அவன் குடிக்கிற காத்துல மூணு பேர் முங்கலாம். அவனுக்கு என்ன ஆகப்போகுது!"

மறுநாள் படகில் மைத்துனன் உற்சாகமாகத்தான் இருந்தான். லாரி ஓட்டுபவன், ஆள் ஆஜானுபாகு. காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு, "மாமா, கேஸ் சிலிண்டர் டெலிவரி, கதவைத் திறங்க!" என்றான். படகே சிரித்தது.

குழுவை வழிநடத்தும் பெண் சிரிக்கவில்லை. ஜோடி ஜோடியாகச் சோதிக்கச் சொன்னாள். ஒவ்வொருவர் மார்பிலும் அவரவர் சிலிண்டரிலிருந்து வரும் ஒரு மஞ்சள் குழாய் செருகியிருக்கும். அது தனக்கானதே அல்ல, துணைக்கு வருபவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கானது. அதனால்தான் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறம். அதனால்தான் ஒரே இழுப்பில் கையோடு வரவேண்டும்.

"சார், மஞ்சளை இழுத்துக் காட்டுங்க."

"எல்லாம் சரியா இருக்கும்மா. இது எனக்கு முதல் தடவையா?"

கயிறு ஆடக்கூடாதென்று அதை மார்பு வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். அந்தச் சுற்று மஞ்சள் குழாயின்மேல்தான் விழுந்திருந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. அவள் இன்னொரு தடவை கேட்பதற்குள் தண்ணீரில் குதித்துவிட்டார்.

கீழே ஒரு பாறையிடுக்கில் ஆக்டோபஸ் ஒன்று முட்டைகளைக் காத்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு காட்சி வாழ்நாளில் ஒரு தடவை வாய்த்தால் அதிகம். நீரோட்டம் பலமாக இருந்தது. மற்றவர்கள் பாறையைச் சுற்றி முன்னே நகர, அவர் அங்கேயே மண்டியிட்டார். மைத்துனன் பாறையின் இடப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, ஓட்டத்தை எதிர்த்துக் காலை உதைத்தபடி காத்திருந்தான். உதைக்க உதைக்க மூச்சு வாங்கும். மூச்சு வாங்க வாங்கச் சிலிண்டர் காலியாகும். திரையில் ஆக்டோபஸ் நிறம் மாறியது. அவர் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். இன்னும் ஒன்று.

தோளை யாரோ பிடித்து உலுக்கினார்கள். திரும்பினால் மைத்துனன். கண்ணாடிக்குள் அவன் கண்கள் பிதுங்கியிருந்தன. விரல்களை விறைப்பாக நீட்டிக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டினான்: காற்று இல்லை.

கேமராவை விட்டுவிட்டு மஞ்சள் குழாயைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மிதவை கேமராவை மேலே தூக்க, கயிறு விறைத்துக் குழாயை வளையத்தோடு சேர்த்து நெரித்தது. இன்னும் பலமாக இழுத்தார். நெரிசல்தான் கூடியது.

மைத்துனனால் அதற்குமேல் காத்திருக்க முடியவில்லை. அவர் வாயிலிருந்த குழாயையே பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டான்.

இப்போது மூச்சில்லாதவர் அவர். கை தானாகக் கிளிப்பைத் தேடி அமுக்கியது. டேப் அசையவில்லை. தன் கையால், பார்த்துப் பார்த்துச் சுற்றிய டேப். நகத்தால் கீறினார். நெஞ்சு எரிந்தது. வாயைத் திறக்கச் சொல்லி உடம்பு கெஞ்சியது. காலில் கட்டியிருந்த சிறு கத்தி ஞாபகம் வந்தது. உருவினார், கயிற்றில் வைத்து அறுத்தார். முதல் அறுப்பு வழுக்கியது. இரண்டாவதில் கயிறு அறுந்து, கேமரா மேலே பறந்தது. மஞ்சள் குழாய் கையோடு வந்தது; அதை வாயில் வைத்து மூச்சை இழுத்தார்.

ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்தபடி, ஒரே சிலிண்டரில் மூச்சு வாங்கிக்கொண்டு, அவசரப்படாமல் மேலே வந்தார்கள். படகில் ஏறியதும் மைத்துனன் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தான். மிதந்துகொண்டிருந்த கேமராவைப் படகுக்காரர் எடுத்து நீட்டினார். "சார், உங்க பொருள் பத்திரமா இருக்கு!"

அவர் கை நீட்டவில்லை.

வீட்டில் அதே சாப்பாட்டு மேசையில் படங்களைக் கணினியில் திறந்தது மனைவிதான். ஆக்டோபஸ் அற்புதமாக விழுந்திருந்தது. அகலமாகப் பிடிக்கும் லென்ஸ் என்பதால் படத்தின் இடது மூலையில் பாறையும், பாறையைப் பிடித்தபடி அவள் தம்பியும் இருந்தார்கள். முதல் படத்தில் மூடிய கை நெஞ்சில் இருந்தது.

"இது என்ன சைகை?"

"காத்து குறையுதுன்னு அர்த்தம்," என்றார்.

அடுத்த படத்தில் கையை வீசி அழைத்துக்கொண்டிருந்தான். கடைசிப் படத்தில் கை கழுத்தில்.

அவள் படங்களை மறுபடி முதலிலிருந்து தள்ளிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "கேமராவுக்கு மிதவை போட்டீங்க, கயிறு போட்டீங்க, டேப் போட்டீங்க. என் தம்பிக்கு ஒரே ஒரு பார்வை போட்டிருந்தாப் போதும். கேமராவே அவனைப் பார்த்திருக்கு. நீங்க பார்க்கலியே."

அந்தக் கடைசிப் படம் இப்போது கண்ணாடிக் கடையில், எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. ஒருநாள் கண் சோதிக்க வந்த ஒருவர் கைபேசியை உயர்த்தி அதைப் படம் எடுக்கப் போனார். "ஆக்டோபஸ் பிரமாதம் சார்!"

"எடுக்குறதுக்கு முன்னாடி இடது மூலையைப் பாருங்க," என்றார் கடைக்காரர். "அது என் மச்சான். மூச்சு முட்டி என்னைக் கூப்பிடுறான். நான் படம் எடுத்துட்டு இருக்கேன். ரோட்டுல ஒருத்தன் அடிபட்டுக் கிடந்தாலும் நாம இதைத்தானே செய்யுறோம்? பொருளை எவ்வளவு வேணா பத்திரமா வச்சிக்குங்க. ஆனா முதல்ல பக்கத்துல இருக்கிறவங்களைப் பாருங்க. அவங்களுக்கு நீட்ட வேண்டிய கையை எதைக் கொண்டும் கட்டிப் போட்டுடாதீங்க."

வந்தவர் கைபேசியை மெல்லச் சட்டைப் பையில் போட்டார்.