உங்க கல்யாணம் எந்தச் சட்டம்?

வியட்நாமிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு மின் என்று பெயர். ஈக்காட்டுத்தாங்கல் சந்தில் அது ஒரே வாரத்தில் 'கரண்ட் மாப்ளே' ஆகிவிட்டது. தரமணியில் கயல் வேலை பார்க்கும் கம்பெனிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் இன்ஜினியராக வந்தவன். கயலின் அம்மா தேவானைக்கு அவனைப் பிடித்துப்போக அதிக நாள் ஆகவில்லை. பெண் கேட்டு வந்த அன்றே, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினான்.

"எங்க ஊர்ல பொண்ணு கேட்டா வெத்தல பாக்கு வேணும் அத்தே."

தேவானை அசந்துபோய்க் கணவனைப் பார்த்தாள். லேத் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த முருகையன், ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். "இங்கயும் அதான்பா" என்றார். சம்பந்தம் பேசியது அவ்வளவுதான்.

கல்யாணம்தான் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மாப்பிள்ளை வேறு நாட்டுக்காரன், வேறு மதம். அதனால் சிறப்புத் திருமணச் சட்டப்படிதான் பதிய வேண்டும் என்றார்கள். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அவன் ஊரிலிருந்து எழுதி, முத்திரை குத்தி வாங்க வேண்டும். பிறகு பதிவாளர் ஆபீஸில் நோட்டீஸ் கொடுத்து, யாராவது ஆட்சேபணை சொல்கிறார்களா என்று முப்பது நாள் காத்திருக்க வேண்டும்.

"நம்ம வூட்டு கல்யாணத்துக்கு போறவன் வர்றவன்லாம் ஆட்சேபணை சொல்லுவானா?" என்று தேவானை கேட்டாள்.

"சும்மா சொல்ல முடியாதும்மா. ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கு, வயசு பத்தல, அந்த மாதிரி காரணம் இருக்கணும்" என்றாள் கயல்.

மின் எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்கிறவன் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக ஆபீஸில் ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். இந்தியாவில் கல்யாணம், விவாகரத்து, சொத்து என்று எல்லாச் சட்டமும் அதில் இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, கோடு போட்டுப் போட்டுப் படித்தான். அப்படி ஒரு ஞாயிறு, தேவானை வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தபோது தலையை நிமிர்த்திக் கேட்டான்.

"அத்தே, உங்க கல்யாணம் எந்தச் சட்டம்?"

தேவானை மீனைத் திருப்புகிற சாக்கில் முகத்தையும் திருப்பிக்கொண்டாள்.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன் ராயப்பேட்டையில் ஒரு மாடி அறையில் நடந்த கல்யாணம் அது. முருகையன் வேறு சாதி என்று அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. சிநேகிதர்கள் பதினொரு பேர் சேர்ந்து இரண்டு ரோஜா மாலை வாங்கி வந்தார்கள். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. தாலிகூட மறு வருஷம்தான் வாங்க முடிந்தது. கயல் பிறந்ததும் அண்ணன் மனசு மாறி வந்து சேர்ந்துகொண்டார். அண்ணி ஷீலா மட்டும் எந்த விசேஷத்திலும், நாலு பேர் நடுவில், சிரித்துக்கொண்டே அதை இழுக்காமல் விடமாட்டாள். கயலுக்குப் பதிவுக் கல்யாணம் என்று தெரிந்ததும், "உனக்கும் அய்யர் இல்ல, உன் பொண்ணுக்கும் அய்யர் இல்ல" என்றிருந்தாள். தேவானையும் கூடச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். முருகையனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"சட்டம்லாம் ஒண்ணுமில்ல தம்பி. மாலை மாத்திக்கினோம், அவ்ளோதான்."

மின் பக்கங்களைப் புரட்டினான். "இல்ல அத்தே. இருக்கு. ஏழு ஏ."

கயல் வாங்கிப் படித்துத் தமிழில் சொன்னாள். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று சேர்த்த பிரிவு. உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே அது முழுமையான கல்யாணம். புரோகிதர் தேவையில்லை.

தேவானைக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. மறுநாள் மயிலாப்பூரில் தான் சமையல் செய்கிற வீட்டில், காபியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். வீட்டுக்காரர் வேதாந்தம் நாற்பது வருஷம் வக்கீலாக இருந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு பேப்பரை மடித்து வைத்தார்.

"இதுல என்ன சந்தேகம், தேவானை? அறுபத்தேழுலயே சட்டம் வந்தாச்சு. எங்காத்துல நாலு நாள் கல்யாணம் பண்ணிண்டோம். கோர்ட்டுக்கு அதுவும் உன்னோடதும் ஒண்ணுதான். ஏன், யாராவது ஏதாவது சொன்னாளா?"

"இல்ல சார். சும்மா கேட்டேன்."

"வேணும்னா எழுதித் தரட்டுமா?"

"வாணாம் சார். காதால கேட்டுக்கினேன், போதும்."

அன்று சாயங்காலம் முருகையனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இத்தினி வருஷமா இத மனசுல வச்சிக்கினா இருந்த?"

"சொல்லியிருந்தா நீ எங்கண்ணன் வூட்டு வாசப்படி மிதிச்சிருக்க மாட்ட."

"நான் பேசட்டா?"

"நானே பாத்துக்கறேன்யா."

நோட்டீஸ் கொடுத்த முப்பது நாளில் யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை எல்லோரும் பதிவாளர் ஆபீஸ் தாழ்வாரத்தில் நின்றார்கள். ஷீலா அரக்குப் பட்டில் வந்திருந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இன்னா தேவானை, உன்னுது மாதிரியே..." என்று ஆரம்பித்தாள்.

"அண்ணி, என் கல்யாணம் சட்டப்படி முழுசா செல்லும். வக்கீலையே கேட்டுட்டேன். இனிமே அந்தப் பேச்சு வாணாம்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஷீலாவின் கை முந்தானையைச் சரிசெய்தது.

"வெளாட்டுக்குத்தானே சொல்வேன்."

"தெரியும் அண்ணி. வெளாட்டுக்கும் வாணாம்."

அதற்குள் கயல் வந்து, மூன்றாவது சாட்சியாக வரவேண்டிய சிநேகிதி கிண்டி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டாள் என்றாள். அப்பா, அம்மா தவிர இன்னொருவர் வேண்டும். தேவானை திரும்பினாள்.

"அண்ணி, ஆதார் எடுத்தாந்தீங்களா? நீங்களே கையெழுத்து போடுங்க."

ஷீலா அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவசரமாகக் கைப்பையைத் துழாவினாள்.

உள்ளே, சட்டப்படி ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தெரிந்த மொழியில் சொல்லலாம் என்றார் அதிகாரி. கயல் அச்சடித்த தாளைப் பார்த்து எழுத்துத் தமிழில் பிசகாமல் சொன்னாள். மின் தாளைத் தொடவில்லை. ஒரு வாரமாக முருகையனிடம் பாடம் கேட்டிருந்தான்.

"மின் ஆகிய நான், கயல் ஆகிய உன்ன, சட்டப்படி என் சம்சாரமா ஏத்துக்கினேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இது செல்லுமா சார்?" என்று முருகையன் கவலையோடு கேட்டார். "தாராளமா செல்லும். சாட்சிங்க வாங்க" என்றார் அதிகாரி.

முருகையனுக்கு அடுத்து தேவானை கையெழுத்துப் போட்டாள். கடைசியாக ஷீலா, ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினாள்.

வெளியே வந்ததும் எல்லோருக்கும் பசி. பிரியாணிக்குப் போக இரண்டு ஆட்டோ பிடித்தார்கள். தேவானையும் ஷீலாவும் ஒன்றில் ஏறினார்கள்.

"புள்ளைங்க ரெண்டும் எங்க தங்கப் போவுதுங்க?" என்று ஷீலா கேட்டாள்.

"வேளச்சேரில வூடு பாத்து கீறாங்க அண்ணி. ரெண்டாவது மாடி. நல்லா காத்து வருது."

"ஞாயித்துக்கெழம போய் பாத்துட்டு வரலாம்" என்றாள் ஷீலா.