எண்ணெய் போட்ட கதவு

எங்கள் மையத்தில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள் நான். வருகிற பிள்ளைகளின் பெயரை உரக்கச் சொல்லக்கூடாது என்பது இங்கே முதல் விதி. பெரியவர்கள் செய்த அநியாயத்தில் அடிபட்ட பிள்ளைகள், ஆலோசகரிடம் வந்து மெல்ல மெல்லத் தேறுகிற இடம் இது. பெயர் வெளியே போகக்கூடாது, சரிதான். ஆனால் பெயர் இல்லாமல் ஓர் ஆளை நினைக்க எனக்கு வராது. அதனால் மனதுக்குள் பட்டப்பெயர் வைத்துக்கொள்வேன். வெயிலோ மழையோ, கையில் குடையில்லாமல் வராத பத்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் குடைக்காரி. செவ்வாய்தோறும் மூன்று மணிக்கு அவளுடைய அத்தை அழைத்து வருவாள்.

ஆலோசனை அறையின் கதவு என் மேஜைக்கு நேர் எதிரே. அது கத்தும். முதலில் சின்னதாக ஒரு ‘கீ’, அப்புறம் நீளமாக ஒரு ‘ரீ…ச்’. ஒரு நாளைக்கு முப்பது தரம். ஒரு வருஷம் பொறுத்தேன். பொறுமைக்கும் எல்லை உண்டல்லவா? என் எல்லை மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் கிட்டத்திலேயே இருக்கும்.

என் தம்பி கதவு, பூட்டு, குழாய் எல்லாம் பழுதுபார்க்கிறவன். ஒரு திங்கட்கிழமை அவனைப் பிடித்து இழுத்து வந்தேன்.

“இதுக்கா வரச் சொன்னே? ரெண்டு சொட்டு எண்ணெய் போதுமேக்கா.”

“போடுறா முதல்ல. பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்.”

போட்டான். கதவு மூச்சுக் காட்டாமல் திறந்தது, மூடியது. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்கு எதற்கு விளம்பரம்?

மறுநாள் குடைக்காரி வந்தாள், உள்ளே போனாள். பாதி நேரத்தில் ஆலோசகர் வண்ணத்தாள் எடுக்க வெளியே வந்தார். அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார். கதவிடமிருந்து ஒரு முணுமுணுப்புகூட இல்லை. தம்பியின் கைவேலையை நான் மெச்சிக்கொண்டிருந்தபோதே உள்ளேயிருந்து ஓர் அலறல் வந்தது. ஒன்றே ஒன்றுதான். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

நாலு மணி வரை அவள் உள்ளே மேஜைக்கு அடியில் இருந்தாள். ஆலோசகரும் தரையில் சற்றுத் தள்ளிப் படுத்துக்கொண்டு அவளோடு இருந்தார். அத்தை வெளியே உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் குடைக்காரி வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், கட்டிடத்துக்குள்ளேயே குடையை விரித்துக்கொண்டு போனாள்.

ஆலோசகர் என் மேஜை அருகில் வந்து நின்றார்.

“முதல் வாரம் சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டு நின்னவ அவ. கதவுக்கு முதுகைக் காட்டி உக்காந்து படம் வரைய பதினோரு வாரம் ஆச்சு. இன்னிக்கு நான் பின்னாடி வந்து நிக்கறதே அவளுக்குத் தெரியல.”

“ஏதாவது சொன்னாளா?”

“ஒண்ணே ஒண்ணு சொன்னா. ‘கதவு சொல்லல’ன்னு.”

சொல்லிவிட்டு அவரே திரும்பிக் கதவைப் பார்த்தார். போய்த் திறந்தார், மூடினார்.

“இதுக்கு என்ன ஆச்சு?”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை, திருப்பித் திட்ட எனக்கு நன்றாக வரும்.

அடுத்த செவ்வாய் அத்தை போன் செய்தாள். “வர மாட்டேன்னு ஒரே பிடிவாதம். ராத்திரி மறுபடியும் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கறா. இனிமே அவளை அங்க கூட்டிட்டு வர முடியும்னு தோணலம்மா.” அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன்.

“அந்தக் கதவு பழையபடி கத்தணும்டா.”

“அக்கா, உடம்பு ஏதும் சரியில்லையா?”

“வாயை மூடிக்கிட்டு வா.”

“இருபது வருஷமா சத்தத்தை நிறுத்தத்தான் கூப்பிடுறாங்க. வரவழைக்கணும்னு கூப்பிட்ட ஒரே ஆளு நீதான்.”

ஆனாலும் வந்தான். கீல்களிலிருந்த ஆணிகளைக் கழற்றி, பதிலுக்கு வேறு ஆணி செருகிவிட்டு, பழையவற்றை மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தண்ணீரில் போட்டு, ஜன்னலில் காயவைத்தான். நாலு நாளில் துரு பிடித்தது. தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக நான் அந்தத் துருவைத்தான் பார்த்தேன். ஆலோசகர் அத்தைக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டார்: “கதவைப் பழையபடி பண்ணிக்கிட்டு இருக்கோம். அது எப்படிச் சத்தம் போட்டுச்சுன்னு எங்களுக்குச் சரியா ஞாபகமில்ல. அவளுக்கு ஞாபகம் இருக்குமா?”

செவ்வாய் மூன்று மணிக்கு வாசலில் குடை தெரிந்தது. உள்ளே வரவில்லை, குடையை முன்னால் நீட்டிப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். யாரும் வா என்று கூப்பிடவில்லை. துருப்பிடித்த ஆணிகளை மாட்டிவிட்டுத் தம்பி தரையில் உட்கார்ந்து கதவை ஆட்டினான். ‘ர்ர்ர்’ என்றது.

“இது இல்ல” என்றாள் குடைக்காரி. அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தம்பி கீழ்க் கீலின் திருகை முடுக்கினான். ‘ரீ…ச்.’

“இதுவும் இல்ல. முதல்ல சின்னதா வரும். அப்புறம்தான் பெருசு.”

“சத்தம் வந்தாப் போதாதா பாப்பா? சின்னது என்ன, பெருசு என்ன?”

“சின்னது மட்டும் வந்தா எட்டிப் பாக்கறாங்க. பெருசும் வந்தா உள்ள வர்றாங்க.”

என் தம்பி பெரிய வாயாடி. கல்யாண வீட்டிலும் பேசுவான், சாவு வீட்டிலும் பேசுவான். அன்றைக்குக் குனிந்த தலை நிமிராமல் வெகுநேரம் ஒரே திருகைத் திருகிக்கொண்டிருந்தான். நான் ஏற்கெனவே அடுக்கியிருந்த கோப்புகளைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு தடவை “இல்ல” என்று சொல்லும்போதும் அவள் ஓரடி உள்ளே வந்தாள். கடைசியில் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, “ம். இதுதான்” என்றாள். தானே நாலு தரம் திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு எங்களிடம் திரும்பினாள்.

“யாரு எண்ணெய் போட்டது?”

தம்பி என்னைப் பார்த்தான். கூடப் பிறந்தவன் அல்லவா, காட்டிக்கொடுக்கத் தயங்குவானா?

“நான்தான் போடச் சொன்னேன்” என்றேன்.

“ஏன் கேக்கல?”

“கேக்கணும்னே தோணல. தப்பு என் பேர்லதான். மன்னிச்சுக்கோம்மா.”

அவள் என்னைச் சோதித்துப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். “இனிமே கேளுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆலோசகர் பின்னால் போய்க் கதவை மூடினார். காது கூசுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். ஒரு வருஷம் அதைத் திட்டியவள்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு செவ்வாய் அவள் வெளியே வந்து என் மேஜை முன் நின்றாள். குடை, அத்தையின் கையில் இருந்தது.

“அந்தக் கதவு ரொம்பக் கத்துது. எப்படித்தான் இங்க உக்காந்திருக்கீங்களோ. எண்ணெய் போட்டுடுங்க.”

தலையை ஆட்டிவிட்டுத் தம்பியைக் கூப்பிடப் போனை எடுத்தேன்.

“இருங்க” என்றாள். சுவரோரம் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. போன மாதம்தான் வரத் தொடங்கியது, ஐந்து வயது இருக்கும். “முதல்ல அவகிட்ட கேளுங்க.”

போனை வைத்துவிட்டுப் போய், முட்டி சொடுக்க அந்தப் பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டேன். அது கதவைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. வேண்டாம் என்று தலையசைத்தது.

“வேணாமாம்” என்றேன்.

“அப்ப வேணாம்” என்றாள் குடைக்காரி. அத்தையோடு படியிறங்கிப் போனாள்.

கதவு இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. தலைவலி மாத்திரையை இரண்டாவது இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.