அலமாரிக்கு வழி சொன்னவள்

இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தவள், பிரெஞ்சு பேசக் கற்றுக்கொள்ள விமானம் ஏறினாள் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஆனால் பெட்டி கட்டிக் கொடுத்தது அவர்தான்.

என் வகுப்பில் எழுத்துத் தேர்வில் தோற்றவர்களே கிடையாது. ஓர் எழுத்தின் மேல் ஒரு கோடு விட்டுப்போனாலும் அரை மதிப்பெண் வெட்டுவேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'அரை மார்க்'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரை மார்க் டீச்சர் எழுதுவாள், எழுத வைப்பாள். ஆனால் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு மனிதரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த வருடம் புதிதாக வந்த தலைமையாசிரியை, பேச்சுத் தேர்வில் தேறிய சான்றிதழ் இருந்தால்தான் பாடம் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் எனக்கு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை. விடுமுறை இரண்டு மாதம். அதற்குள் தேறியாக வேண்டும். எனக்கு வயது நாற்பத்தாறு.

நான் தங்கிய பிரெஞ்சு வீட்டில் லாரிக்காரர், அவர் மனைவி, பன்னிரண்டு வயது மகள் என்று மூன்று பேர். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர்கள் தொழில். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே தூக்குவார்கள். அந்த அம்மாளின் கையைப் பார்த்தால் என் வீட்டுக்காரர் மரியாதையாக எழுந்து நிற்பார். அம்மாளின் தம்பி தெருக்கோடியில் இருந்தார், அவரும் இந்தத் தொழில்தான். எனக்குக் கொடுத்த அறையில் கட்டில், மேசை தவிர மீதி இடமெல்லாம் மடித்த அட்டைப்பெட்டிகள்.

காலையில் மொழிப்பள்ளி, மாலையில் வீட்டாரோடு பேச்சு என்பது ஏற்பாடு. பேச்சுதான் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் நாளைக்கு மழை வருமா என்று பேசுவார்கள். நான் மனதுக்குள் வாக்கியம் கட்டி, வினைச்சொல்லைச் சரிபார்த்து, பிழை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு வாயைத் திறப்பதற்குள் பேச்சு மகளின் பல்வலிக்குப் போயிருக்கும். "நாளை மழைக்கு வாய்ப்பு இருப்பதாகத் தோன்றுகிறது" என்று நான் அழகாகச் சொல்வேன். பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண் என்னைத் திருதிருவென்று பார்ப்பாள்.

நல்ல மனிதர்கள். என் சிரமத்தைக் கண்டுகொண்டு எனக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். அது இன்னும் கொடுமை. மூன்று கரண்டிகள் அந்தரத்தில் நிற்க, சூப்பு ஆறிக்கொண்டிருக்க, நான் உள்ளுக்குள் இலக்கணம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்தச் சுரைக்காய் நானேதான்.

போதாக்குறைக்கு, ஒருநாள் குளிர்பெட்டியில் அந்த அம்மாள் கடையில் வாங்க வேண்டியதை எழுதி ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். கை அரித்தது. பையில் சிவப்புப் பேனா இருந்தது. மூன்று இடத்தில் வட்டம் போட்டு, கீழே பத்துக்கு ஏழு என்று எழுதி, கையெழுத்தும் போட்ட பிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது. கிழிப்பதற்குள் அம்மாள் வந்துவிட்டார். சீட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நாற்காலியைத் தேடி உட்கார்ந்து சிரித்தார். அம்மா ஏழு மார்க் வாங்கிய சேதியை மகள் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் 'பேராசிரியர்'. ஆனால் என் வாய் மட்டும் அப்படியே இருந்தது. இப்படியே நாலு வாரம் போய்விட்டது.

ஐந்தாவது வாரம் தம்பிக்காரர் கால் சுளுக்கிக்கொண்டார். அவர் வேலை தூக்குவது அல்ல, வழி சொல்வது. பெரிய சாமானைத் தூக்கிப் படியிறங்கும்போது முன்னால் இருப்பவருக்குத் தன் கால் தெரியாது, பின்னால் இருப்பவருக்கு எதுவுமே தெரியாது. ஒருவர் முன்னே பின்பக்கமாக நடந்தபடி, படி, சுவர், திருப்பம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே போக வேண்டும். குரல் நின்றால் ஏதோ ஆபத்து என்று இருவரும் அப்படியே நின்றுவிடுவார்கள். அது அவர்கள் தொழில் சட்டம். அன்று மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது, சாமான்களை மாலைக்குள் இறக்க வேண்டும். அம்மாள் என்னைப் பார்த்தார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

முதலில் வந்தது ஓர் அலமாரி. ஆளுயரத்துக்கு ஒன்றரை மடங்கு, கருங்காலி மாதிரி கனம். முதல் திருப்பம் வந்தது. 'தயவுகூர்ந்து சற்றே வலப்புறமாகத் திரும்ப இயலுமா' என்று வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். குரல் நின்றதும் அவர்களும் நின்றார்கள். அலமாரி மட்டும் நிற்கவில்லை. அது பாட்டுக்குச் சரிந்து சுவரில் இடித்துப் பூச்சைக் கொஞ்சம் பெயர்த்துவிட்டது. நெற்றி நரம்பு புடைக்க, அலமாரிக்குப் பின்னாலிருந்து லாரிக்காரர் நிதானமாகச் சொன்னார்.

"பேராசிரியரே, அழகா சொல்லாதீங்க. முன்னாடியே சொல்லுங்க."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த படியில் அந்த அம்மாளின் விரல் கைப்பிடிக் கம்பிக்கும் அலமாரிக்கும் நடுவில் போவதைப் பார்த்தேன். யோசிக்க நேரமில்லை. விரல், விரல், எடு, மேலே, இல்லை, இந்தப் பக்கம் என்று கத்தினேன். எல்லாம் தப்பு. ஒரு சொல்லுக்குக்கூட நான் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன். விரல் தப்பியது.

அப்புறம் நான் வாயை மூடவில்லை. மூடப் பயமாக இருந்தது. படி, இன்னொரு படி, யாரோ செருப்பை விட்டிருக்கிறார்கள், ஓரமாக உதைத்துவிட்டேன், ஒட்டடை தலையில் படும், குனியுங்கள். சொல்வதற்கு வழி தீர்ந்தபோது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் இப்படி ஒரு அலமாரியைப் பார்த்தால் அதற்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்வார் என்றேன். அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை தளர, இரண்டாவது மாடியில் அலமாரியை இறக்கி வைத்துவிட்டு மூன்று பேரும் படியில் உட்கார்ந்து சிரித்தோம். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த குடித்தனக்காரர், இது என்ன வம்பு என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

கால் சரியான பிறகும் தம்பிக்காரர் வழி சொல்ல வரவில்லை. பேராசிரியர் வழி சொன்னால் களைப்பே தெரியவில்லை என்று அக்கா சொல்லிவிட்டாராம்; அவர் முறைத்துக்கொண்டே மேசையின் ஒரு முனையைத் தூக்கினார். மொழிப்பள்ளி முடிந்ததும் தினமும் லாரியில் நடு இருக்கை எனக்கு. பியானோவுக்கு வழி சொன்னேன், தையல் மெஷினுக்குச் சொன்னேன், இறங்க மறுத்த ஒரு பூனைக்கும் சொன்னேன். வீட்டில் கரண்டிகள் காத்திருக்கவில்லை. என் பேச்சின் நடுவில் புகுந்து பேச மகள் கையைத் தூக்க வேண்டியிருந்தது.

தேர்வு அன்று இரண்டு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு வழுக்கை, ஒருவருக்குக் கண்ணாடி. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது நல்லதா என்று கேட்டார்கள். பழைய நோய் திரும்பியது. தொடக்க வாக்கியத்தைக் கட்டத் தொடங்கினேன். அறையில் சத்தமே இல்லை. வழுக்கைக்காரரின் பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. யாருடைய விரலோ நசுங்கப்போகிற மாதிரி இருந்தது. வாயைத் திறந்துவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் அலமாரியை யார் இறக்குவது என்று ஆரம்பித்தேன். கண்ணாடிக்காரர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். அவரோடு சண்டை போட்டேன். நேரம் முடிந்தது என்று அவர்கள் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

நான்காம் நாள் முடிவு ஒட்டினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் வேலை உடுப்போடு, மகளையும் ஏற்றிக்கொண்டு லாரியில் வந்துவிட்டார்கள். இருபத்தைந்துக்குப் பதினெட்டு. கீழே ஒரு குறிப்பு: பிழைகள் நிறைய, தங்கு தடையின்றிப் பேசுகிறார். நானாக இருந்தால் அத்தனை பிழைக்கும் அரை அரையாக வெட்டிப் பூஜ்யத்தில் கொண்டுபோய் விட்டிருப்பேன். அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் இத்தனை பிழை செய்து இத்தனை சந்தோஷப்பட்டதில்லை. லாரிக்காரர் ஹாரனை அடித்தார், தெருவே திரும்பிப் பார்த்தது.

என் வீட்டுக்காரருக்கு உடனே ஃபோன் போட்டேன். லாரிப் படியில் நின்றுகொண்டு கேள்வி, சண்டை, பேனா, மதிப்பெண் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் உம் கொட்டவில்லை, குறுக்கே பேசவும் இல்லை. மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான், லாரிக்காரர் குடும்பம் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அவ்வளவையும் நான் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது.

புரியாவிட்டால் நடுவில் கேட்டிருக்கக் கூடாதா என்று தமிழில் கேட்டேன்.

"ஒண்ணும் புரியல. நீ பாஸ்னு மட்டும் புரிஞ்சுது." என்றார் என் வீட்டுக்காரர். "இருபத்திரெண்டு வருஷமா பிரெஞ்சு டீச்சரோட புருஷன் நான். நீ பிரெஞ்சு பேசி இன்னிக்குத்தான் கேக்குறேன். நிறுத்தாத, இன்னும் கொஞ்சம் பேசு."